மணல்திட்டுக்கு முதல் மரியாதை

பெட்டி எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

தையல்நாயகி மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. உள்ளே இருந்த ஆறு ஹார்ட் டிஸ்க்குகளும் வரிசையாக முனகின. திரையில் ஒரு வெள்ளைக் கோடு வந்து மின்னிக்கொண்டே நின்றது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து இதே கதைதான்.

புயல் காப்பகத்தின் மாடியறை அது. ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்க வேண்டும், இன்றைக்குக் காணோம். மாசி மாதத்தில் இப்படி ஒரு பனி இறங்கும் என்று யார் கண்டார்கள்? முகத்துவாரத்தில் அலை உடையும் சத்தம் மட்டும் தடார் தடாரென்று வந்துகொண்டிருந்தது. அந்தப் பனிக்குள்தான் ஐந்து குப்பத்துப் படகுகளும் இருந்தன. அவள் புருஷன் மாசிலாமணியின் படகும் இருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. "தையலு, பெட்டி ஏன் இன்னும் பேச மாட்டேங்குது?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க முகத்துவாரத்துக்கிட்ட வராதீங்க. வெளியிலயே நில்லுங்க."

"நின்னுகிட்டுதான் இருக்கோம். இங்க என் கையே எனக்குத் தெரியல."

அவன் சிரித்தான். பயந்தால் சிரிக்கிற ஆள் அவன். பத்து வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா?

மீன்வளத்துறை அதிகாரி இன்பசேகரன் கையில் போனோடு மாடியேறி வந்தார். சேலத்துக்காரர். இந்தக் கரைக்கு மாற்றலாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடலைப் பார்த்தால் இன்னும் செல்ஃபி எடுக்கத் தோன்றுகிற கட்டத்தில் இருந்தார். இன்றைக்கு முகம் வெளுத்திருந்தது.

"சாயங்காலம் பெருங்காத்துன்னு செய்தி வந்திருக்கும்மா. காத்து வந்தா இந்தப் பனி கலைஞ்சிடும்ல?"

"கலையும் சார். ஆனா அந்தக் காத்துல ஃபைபர் படகு நிக்காது. அதுக்கு முன்னாடி எல்லாரும் உள்ள வந்தாகணும்."

"எல்லாப் படகுலயும் ஜிபிஎஸ் இருக்கே. அதைப் பாத்து வரக்கூடாதா?"

"நாம எங்க நிக்கிறோம்னு அது சொல்லும் சார். மணல் எங்க கிடக்குன்னு சொல்லாது. முகத்துவாரத்துல மணல் நேத்து இருந்த எடத்துல இன்னிக்கு இருக்காது. இந்த அலையில மணல்ல தட்டினா படகு கவுந்துடும். பெட்டிதான் வழி சொல்லணும்."

பெட்டி என்று எல்லோரும் சொன்னது இரும்பு அலமாரி அளவுக்கு இருந்த அந்த இயந்திரத்தைத்தான். ஒவ்வொரு குப்பமும் தன் கடலைத் தன் டிஸ்க்கில் வைத்திருந்தது. எந்தப் படகு எந்த ஆழத்தில் போயிற்று, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, மணல் எங்கே ஏறியது, எல்லாம் வருடக்கணக்காக அதில் சேர்ந்திருந்தது. ஐந்து டிஸ்க்கும் ஒன்றாகப் பேசினால்தான் யாருக்கும் சொந்தமில்லாத முகத்துவாரத்தில் இன்றைக்கு வழி எங்கே என்று பெட்டியால் கணிக்க முடியும். ஒன்று குறைந்தாலும் ஊகம்தான்.

சரி, ஆறு டிஸ்க் இருக்கிறதே, ஆறாவது யாருடையது? மணல்திட்டுடையது. அந்தக் குப்பம் இப்போது இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த புயலில் கடல் அதை முழுசாக எடுத்துக்கொண்டது. அது இருந்த இடம்தான் இப்போதைய முகத்துவாரம். தையல்நாயகி பிறந்த ஊர் அதுதான். பிழைத்தவர்கள் எண்ணூர், காரைக்கால் என்று சிதறிப்போனார்கள். வடதுறைக்கு வாழ்க்கைப்பட்ட அவள் ஒருத்திதான் இந்தக் கரையில் மிச்சம். ஊர்தான் போயிற்று, இடமாவது இருக்கட்டும் என்று ஆறாவது டிஸ்க்கையும் பெட்டியில் செருகி வைத்திருந்தார்கள். அதில் இருந்தது பழைய கணக்கு. மற்ற டிஸ்க்குகள் எப்போதாவது கேட்டால் எடுத்துக் கொடுக்கும், அத்தோடு சரி.

"நேத்துவரைக்கும் ஓடுச்சுல்ல? திடீர்னு என்ன?" என்றார் இன்பசேகரன்.

"நேத்து ஓடல சார். மாசிமகம்ல? டிஸ்க் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்துச்சு."

அவர் விழித்தார். விழிக்கத்தான் செய்வார். அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. வருடத்தில் ஒருமுறை, மாசிமகத்துக்கு, பெட்டியை அணைத்து டிஸ்க்குகளைக் கழற்றுவார்கள். ஒவ்வொரு குப்பமும் தன் டிஸ்க்கைத் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு கொண்டுபோய், அம்மனுக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு, அம்மன் கடலாடித் திரும்பியதும் மறுநாள் காலையில் கொண்டுவந்து செருகுவார்கள். செருகினால் பெட்டி எழுந்துவிடும். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் விடியும்போதே படகுகள் கிளம்பிப் போயிருந்தன.

"குங்குமமா?" என்றார் இன்பசேகரன், ஈனசுரத்தில்.

"நானும் முதல்ல அதைத்தான் சார் சந்தேகப்பட்டேன்."

அவள் ஒவ்வொரு டிஸ்க்கின் வாயையும் பஞ்சால் துடைத்திருந்தாள். பஞ்சு சிவந்ததுதான் மிச்சம். பிறகு மின்சாரம் பத்தவில்லையோ என்று சந்தேகம். ஆறும் ஒரே நேரத்தில் சுற்ற ஆரம்பித்தால் இழுக்கும்தான். ஜெனரேட்டரையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டே இருந்தது.

இனி ஒரே வழிதான். எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்தாள். வடதுறை டிஸ்க்கை மட்டும் செருகினாள். பெட்டி சமர்த்தாக எழுந்தது. திரையில் முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள கடல் நீலமாக விரிந்தது. முகத்துவாரம் வெற்றிடமாகக் கிடந்தது. அணைத்தாள். சங்குமேட்டு டிஸ்க்கைத் தனியாகச் செருகினாள். அதுவும் எழுந்தது. மீதி மூன்றும் அப்படியே, தனித்தனியாக எழுந்தன. ஒரு டிஸ்க்கிலும் கோளாறு இல்லை.

இரண்டைச் சேர்த்துச் செருகினாள். வெள்ளைக் கோடு.

வேறு இரண்டு. வெள்ளைக் கோடு.

தையல்நாயகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"சார், கீழ பஞ்சாயத்தார் எல்லாம் நிக்கிறாங்க. மேல கூப்பிடுங்க."

ஐந்து குப்பத்துத் தலைவர்களும் வந்தார்கள். வடதுறை வைரக்கண்ணு முன்னால் வந்தார். மாசிலாமணிக்குச் சித்தப்பா, அவளுக்குச் சின்ன மாமனார் முறை. அவருக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போய் நின்றாள் சங்குமேட்டுத் தலைவி அஞ்சலாட்சி. இரண்டு பேரும் பேசிக்கொண்டு பல வருடம் ஆகிறது. மற்ற மூவரும் நடுவில் நின்றார்கள்.

"எல்லா டிஸ்க்குலயும் ஆரம்பிக்கிற புரோகிராம் இருக்கு," என்று அதிகாரியிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னாள் தையல்நாயகி. "எவனும் பெட்டி என்னுதுன்னு சொல்லக் கூடாதுன்னு அப்படி வெச்சோம். ஆனா ஒண்ணுல மட்டும்தான் 'முதல்'னு குறி இருக்கும். அது முழிச்சு மத்ததைக் கூப்பிடும். வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு குப்பத்துக்கு அந்தக் குறி. இந்த வருஷம் முனையூருக்கு. சரிதானே?"

முனையூர்த் தலைவர் மட்டும் தலையாட்டினார்.

"இப்ப அஞ்சுலயும் 'முதல்'னு குறி இருக்கு. நேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்ப அவங்கவங்க குப்பத்துல கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்களை வெச்சு எழுதியிருக்கீங்க. ஒவ்வொருத்தரும் நம்ம மட்டும்தான் எழுதுறோம்னு நெனச்சுக்கிட்டு. பெட்டி யாரைக் கேக்கும்? நான்தான் முதல், நீ எனக்குக் கீழன்னு அஞ்சும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்குது."

இன்பசேகரன் வாயைப் பிளந்தார். "கோயில்ல முதல் மரியாதை மாதிரியா?"

"மரியாதை இல்ல சார்," என்றாள் அஞ்சலாட்சி. குரல் கம்மியிருந்தது. "எது முதலோ அந்தக் குப்பத்துப் படகைத்தான் பெட்டி முதல்ல உள்ள கூப்பிடும். மத்த நாள்ல ஒண்ணுமில்ல. இன்னிக்கு மாதிரி ஒரு நாள் வந்தா, கடைசியில கூப்பிடுற படகு காத்துல மாட்டிக்கும். போன வருஷம் கடைசியில வந்தது எங்க படகு. என் பெரியவனை மணல்லேருந்துதான் தூக்குனோம். அவன் இப்பவும் ஒரு காலைச் சாச்சுக்கிட்டுதான் நடக்கிறான். சின்னவன் அங்க நிக்கிறான் சார், அந்தப் பனியில. நான் எழுதச் சொன்னேன்தான். எந்தத் தாயா இருந்தாலும் சொல்லுவா."

வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மகனும் அங்கேதான் இருந்தான்.

"சரி, நாலு பேரு குறியை அழிச்சிடுங்க," என்றார் அதிகாரி. "இப்பவே."

"எந்த நாலு பேரு?" என்றார் வைரக்கண்ணு.

அங்கேதான் எல்லாம் நின்றது. டிஸ்க்கைத் திறக்கிற சாவி அந்தந்தக் குப்பத்திடம் மட்டும்தான் உண்டு. விரல்நுனி அளவு சில்லு, தலைவர் இடுப்பில் முடிந்திருக்கும். முனையூர்க்காரர் தன்னுடைய சீட்டு என்றார். கீழவாடிக்காரர் சீட்டுக் குலுக்கியதிலேயே கோல்மால் என்றார். சங்குமேடு அழித்தால் வடதுறை அழிக்கும், வடதுறை அழித்தால் சங்குமேடு அழிக்கும். கெட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் பிள்ளைகள் பனிக்குள் இருந்தார்கள், அதுதான் விஷயம்.

"தையலு." வயர்லெஸ்ஸில் மாசிலாமணி. இந்தத் தடவை சிரிக்கவில்லை. "காத்து திரும்புற மாதிரி இருக்கு. பொழுதோட சொல்லிடு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பனி ஒரு நொடி விலகியது. முகத்துவாரத்துக்கு நடுவில் இரும்புக் கோபுரத்தின் நுனி தெரிந்து மறைந்தது. மணல்திட்டில் நின்ற செல்போன் கோபுரம் அது. ஊரில் தண்ணீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான், நாரைகள் உட்காரும். அந்தக் காலத்தில் அவள் அப்பா வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் அந்தக் கோபுரத்தின் அடி தெரியும்.

தன் தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். ஊக்குக்குப் பக்கத்தில் கோத்திருந்த சில்லைக் கழற்றினாள். அப்பா சிங்காரம் மணல்திட்டுக்குப் பஞ்சாயத்தாராக இருந்தவர். இன்னொரு சில்லு அவரிடம் இருந்தது. அது அவரோடு போயிற்று. இது அவளிடம் கொடுத்து வைத்தது.

"மாமா, அக்கா, எல்லாரும் கேளுங்க. மணல்திட்டை முதல்ல வெக்கிறேன். அந்த ஊருல முதல்ல கூப்பிட ஒரு படகும் கிடையாது. யாருக்கும் யாரும் கீழ இல்ல. அஞ்சு பேரும் குறியை அழிங்க."

முதலில் அசைந்தது வைரக்கண்ணு. இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்.

"கடலோட போனவங்களுக்கு விட்டுக்குடுக்கிறதுல என்னா குறைச்சல் வந்துடப்போவுது," என்றார். சொல்லிவிட்டு, பல வருடத்துக்குப் பிறகு, எதிரே பார்த்தார். "என்னா அஞ்சலாட்சி?"

அஞ்சலாட்சி தன் சில்லை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

ஐந்து குறியும் அழிந்தன. ஆறாவது டிஸ்க்கில் 'முதல்' என்று எழுதி, ஆறையும் செருகி, தையல்நாயகி பொத்தானை அழுத்தினாள்.

வெள்ளைக் கோடு வந்தது. மின்னியது. பிறகு அந்தக் கோடு நகர்ந்தது. எழுத்து வந்தது, கூடவே ஒலிபெருக்கியிலிருந்து குரலும் வந்தது. குரல் இயந்திரத்தின் குரல்தான். வார்த்தைகள் அப்பாவுடையவை.

"மணல்திட்டு. சனங்களை மேடேத்துற வேலை பாதியில நிக்குது. எல்லாரும் காப்பகத்துக்கு வந்தாச்சா? ஆமாவா, இல்லையா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு மட்டும் புரிந்தது.

"என்னம்மா கேக்குது?" என்றார் இன்பசேகரன்.

"அன்னிக்குப் புயல்ல கேட்டது சார். அப்ப ஒவ்வொரு குப்பத்துக்கும் தனிப் பெட்டி, இதே கட்டிடத்துலதான் இருந்துச்சு. தண்ணி ஏறினா சனங்களைக் கூப்பிட அப்பா எழுதி வெச்ச புரோகிராம் இது. கூப்பிட்டுக்கிட்டு இருக்கையிலேயே கரெண்டு போயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த டிஸ்க்கை முதலாவதா யாரும் எழுப்பவே இல்ல. மத்தது எழுப்பினா இது கேட்டதைக் குடுக்கும், அவ்வளவுதான். இப்பதான் தானா முழிக்குது. விட்ட எடத்துலேருந்து கேக்குது."

பதினோரு வருடமாக அந்தக் கேள்வி இருட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஆமான்னு போடும்மா," என்றார் முனையூர்க்காரர் பரபரப்பாக. "போட்டா அது வேலையை முடிச்சுக்கும்ல? நம்ம வேலையைப் பாக்கலாம்."

போடலாம்தான். ஒரு எழுத்து. ஆனால் எல்லோரும் வந்துவிட்டார்களா? அன்றைக்கு ஊர் முழுக்க மேடேறியது. கடைசியில் பாதி வழியிலேயே திரும்பிப் போன நாலு பேர் வரவில்லை. அவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதன்மேல் 'ஆமாம்' என்று போட அவள் விரல் வரவில்லை. வெளியே இன்னும் படகுகள் வேறு நிற்கின்றன.

'இல்லை' என்று அடித்தாள்.

"சரி," என்றது பெட்டி. "வெளியில இருக்கிறவங்களுக்கு வழி சொல்றேன்."

திரை இருண்டது. பிறகு ஒரு புள்ளி எரிந்தது. அதன் பக்கத்தில் எழுத்து: மாரியம்மன் கோயில் வாசல். இன்னொரு புள்ளி: ஐஸ் கம்பெனி. இன்னொன்று: ரேஷன் கடை. பிறகு சடசடவென்று, வீடு வீடாக. கோவிந்தம்மா வீடு. கட்டைமுத்து வீடு. வலைக்கூடம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எண்கள் ஓடின. அவை பழைய எண்கள் இல்லை. ஒவ்வோர் அலைக்கும் மாறிக்கொண்டிருந்தன.

"இது எங்கேருந்து வருது?" என்று கேட்டார் இன்பசேகரன். அவரையறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"வாசப்படியிலேருந்து சார். தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பாக்க ஒவ்வொரு வீட்டு வாசப்படியிலயும் ஒரு கருவி பதிச்சிருந்தோம். நீரோட்டத்துலேருந்தே கரெண்டு எடுத்துக்கிற கருவி. அது கோபுரத்துக்குச் சொல்லும், சோலார்ல ஓடுற கோபுரம் இங்க சொல்லும்." அவள் திரையைத் தொட்டாள். "ஊரோட அதுவும் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. யாரும் கேக்கல."

கடலுக்கு அடியில் ஒரு ஊர் முழுக்க விளக்கேற்றினாற்போலத் திரை நிறைந்தது. அஞ்சலாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐந்து தலைவர்களும் அவரவர் அறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்கள். அதிகாரியும் கழற்றினார்.

மற்ற ஐந்து டிஸ்க்குகளும் ஒவ்வொன்றாக விழித்து, தங்கள் கடலைக் கொண்டுவந்து மணல்திட்டின் ஓரங்களில் சேர்த்தன. நடுவில் ஆற்றிலிருந்து கடல்வரை ஒரு நேர்க்கோடு நீலமாகத் தெளிந்தது. தையல்நாயகிக்கு அது என்ன என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. மணல்திட்டின் பெரிய தெரு. இரண்டு பக்கமும் விழுந்த வீடுகளின் சுவர்களில் மணல் ஏறி மேடாகிவிட்டது. நடுவே இருந்த சிமெண்ட் ரோட்டில் மட்டும் மணல் தங்கவில்லை. முகத்துவாரத்தில் ஆழமான வழி அந்தத் தெருதான். அவள் பள்ளிக்கூடம் போன தெரு.

பெட்டி வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்தது. அது எந்தக் குப்பத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"யாருக்கு எண்ணெய் கம்மி? யாருக்கு முடியல? அவங்க முதல்ல வாங்க."

வைரக்கண்ணுவும் அஞ்சலாட்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு காலம் சண்டை போட்ட ஐந்து குப்பத்துக்கும் இந்த யோசனை வரவே இல்லையே என்று இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது.

எண்ணெய் தீரப்போகிறது என்று முதலில் குரல் கொடுத்தது ஒரு கீழவாடிப் படகு. பெட்டி அதனிடம் சொன்னது: "கோயிலுக்கு நேரா வா. ஐஸ் கம்பெனி உனக்கு இடது கைப்பக்கம். தெருவை விட்டு எறங்காத. ரேஷன் கடை தாண்டினதும் கொஞ்சம் மெதுவா." அலையில் தூக்கிப்போடப்பட்ட படகு பனியைக் கிழித்துக்கொண்டு ஆற்றுக்குள் வந்தது. கரையில் நின்ற பெண்கள் கூட்டமாக ஓடினார்கள். அடுத்தது சங்குமேட்டுப் படகு, அதில் கைவிரல் நசுங்கிய ஒருவன். அஞ்சலாட்சியின் மகன் அந்தப் படகில் இல்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று படகு கழித்து அவனும் வந்தான்.

ஒவ்வொரு படகாக, இல்லாத ஊரின் தெரு வழியே, வீட்டு வாசல்களுக்கு மேலே மிதந்து வந்தன. இன்பசேகரன் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார். கூச்சமே இல்லாமல் அழுதார்.

மாசிலாமணி அன்றைக்கு டாங்கை நிரப்பிக்கொண்டு போயிருந்தான். அதனால் கடைசி ஆள் அவன்தான். தையல்நாயகி கணக்குப் போட்டுப் பார்த்தாள்; இன்னும் இரண்டு படகு உள்ளே வர வேண்டும், காற்று ஜன்னலை உலுக்க ஆரம்பித்துவிட்டது. கையில் பொத்தான்கள் இருந்தன. நினைத்தால் அவனை முன்னால் கூப்பிடலாம். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அந்த ஐந்து பேர் மேல் பொங்கிய கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

கடைசிக்கு முந்தின படகும் வந்து சேர்ந்தது.

"மாசிலாமணி, வா," என்றது பெட்டி. "வழி இப்ப தெக்கால ஒதுங்குது. கோயிலை விட்டுடு. சிங்காரம் வீட்டு வாசலுக்கு நேரா வா."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு அவன் குரல். "தையலு... உங்க வீட்டு வாசலுக்கா?"

"ஆமாங்க. பயப்படாம வாங்க. அங்க ஆழம் இருக்கு."

திரையில் சிங்காரம் வீட்டு எண் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு பெரிய அலை. எண் சட்டென்று விழுந்தது. வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாசற்படியின் கருவி மேலே ஏதோ கடந்துபோனதாகச் சொன்னது. ஒரு நிழல். அது தெருவுக்குள் வந்தது, ரேஷன் கடையைத் தாண்டியது, ஆற்றுக்குள் நுழைந்தது. காற்று பனியை வாரிக்கொண்டு போயிற்று. படகின் முனையில் நின்றுகொண்டு மாசிலாமணி கையாட்டுவது மாடியிலிருந்தே தெரிந்தது.

அவள் அப்படியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலாட்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அவன் நனைந்துபோய் மாடியேறி வந்தபோது பெட்டி மறுபடி கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா? மணல்திட்டுல அஞ்சு பேர் இன்னும் கணக்குல வரல."

"அஞ்சு பேரா?" என்றார் வைரக்கண்ணு. "போனது நாலு பேருதானே தையலு?"

தையல்நாயகி எழுந்தாள். அவளுக்கும் நாலு பேர்தான் தெரியும். திடீரென்று ஒரு யோசனை வர, படியிறங்கிக் காப்பகத்தின் வாசலுக்குப் போனாள். கதவோரத்தில் கையகலக் கண்ணாடித் தட்டு ஒன்று பதித்திருந்தது. அந்தக் காலத்தில் மேடேறி வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதில் கட்டைவிரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பிறகு யாரும் தொடவில்லை. ஓரமெல்லாம் சுண்ணாம்பு படிந்திருந்தது. புயல் அன்றைக்கு அவள் காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலையில் இருந்தாள். ரோடு திறந்து அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளை யாரும் விரல் வைக்கச் சொல்லவில்லை.

முந்தானையால் தட்டைத் துடைத்தாள். விரலை வைத்தாள்.

மாடியிலிருந்து பெட்டியின் குரல் காப்பகம் முழுக்கக் கேட்டது.

"தையல்நாயகி. சிங்காரம் வீடு. வந்தாச்சு." ஒரு நொடி கழித்து, "சிங்காரம் வீட்டுல இன்னும் ஒருத்தர்."

அவள் அங்கேயே நின்றாள். மாசிலாமணி படியில் நின்றான். திரையில் கேள்வி அப்படியே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆமா என்று அடித்தால் மணல்திட்டு வேலையை முடித்துக்கொள்ளும், முதல் இடத்துக்கு ஐந்து குப்பமும் மறுபடி போட்டி போடும்.

வைரக்கண்ணுதான் இறங்கி வந்தார். பின்னாலேயே அஞ்சலாட்சி.

"எங்க அஞ்சு பேருக்கும் ஒரே பேச்சுதான்மா," என்றார் அவர். "அது கேட்டுக்கிட்டே இருக்கட்டும். நீ பதில் போட வேணாம்."